நெப்போலியப் போர்த்தொடரை வரைபடத்தில் நடத்துவது: நண்பர் குழுவுக்கான முழுமையான வழிகாட்டி

மேசையில் சிற்றுருவப் படைகளை நிறுத்தி, ஒரு பிற்பகலுக்குள் ஒரு சண்டையை ஆடி முடிப்பவருக்கு, எதிரி எங்கே நிற்கிறான், எத்தனை பேரோடு நிற்கிறான், மேசைக்கு வெளியே இன்னும் யாராவது வரவிருக்கிறார்களா என்பதெல்லாம் முதற்பகடை உருளும் முன்பே தெரிந்துவிடும். 1815 யூன் 16 மாலையில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லிஞிக் களத்தில் பிரஷ்யரோடு போரிட்டு நின்ற நெப்போலியனுக்கு அப்படித் தெரிந்திருக்கவில்லை. தமது இடப்புறத்தில் ஏறத்தாழ 20,000 பேர் கொண்ட படையொன்று தோன்றியபோது, அது எதிரியுடையதா தம்முடையதா என்று அறிவதற்காகவே அவர் இறுதித் தாக்குதலைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. வந்தது அவருடைய தளபதியான டெர்லோனின் முதலாம் கோர் (கோர் என்பது தனித்துப் போரிடவல்ல பெரும்படைத் தொகுதி). அன்றைய மற்றக் களமான காத்ர் பிராவில் இருந்த பிரெஞ்சு மார்ஷல் நேயிடம் போய்க்கொண்டிருந்த அந்தப் படையை ஒரு கட்டளை லிஞிப் பக்கம் திருப்பியது. நேயின் கட்டளை அதை மறுபடியும் காத்ர் பிராவுக்கு அழைத்தது. அன்று முழுவதும் நடந்து களைத்த அத்தனை பேரும் இரண்டு களங்களில் ஒன்றிலேனும் பயன்படவில்லை.

வரைபடத்தில் ஆடப்படும் போர்த்தொடர் இத்தகைய மாலையொன்றை உங்கள் நண்பர்களுக்குத் தர வல்லது. அதைத் தருவது மேசையோ பகடையோ அல்ல. தளபதிக்கு எது தெரியாது என்பதே அதைத் தருகிறது. கீழே நான் சொல்லும் விதிகள் எல்லாம் அந்த அறியாமையைக் காப்பதற்காகவே வகுக்கப்பட்டவை. கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு ஆகிய ஊர்களில் இருக்கும் நாங்கள் அறுவர் இதுவரை இரண்டு போர்த்தொடர்களை ஆடியிருக்கிறோம். முதலாவது பாதியில் நின்றுபோனது. இரண்டாவது நிறைவாக முடிந்தது. இரண்டிலும் கற்றதை வரிசையாகத் தருகிறேன்.

எந்தப் போரைத் தெரிவது

முதல் முயற்சிக்கு நாள்கள் குறைந்த, நிலம் சுருங்கிய ஒரு போரைத் தெரியுங்கள். 1812 ரஷ்யப் படையெடுப்பு எவ்வளவு ஈர்த்தாலும் அதைத் தொடாதீர்கள். மாதக்கணக்கில் நடக்கும் ஒன்றை முடிக்கும் பொறுமை எந்தக் குழுவுக்கும் முதல் தடவையில் இராது. 1814 பெப்ரவரியில் ஷாம்போபேர், மொன்மிராய், ஷாத்தோ தியெரி, வோஷாம் ஆகிய இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த சண்டைகள் சிறிய படைகளால் ஆனவை, ஆகவே உருவங்கள் குறைவாக உள்ளவர்களுக்கு அவை ஏற்றவை. ஆனால் நான் பரிந்துரைப்பது 1815 யூன் 15 முதல் 18 வரை நடந்து வாட்டர்லூவில் முடிந்த பெல்ஜியப் போர்த்தொடரையே. நான்கே நாள்கள், மூன்று படைகள் (நெப்போலியனின் பிரெஞ்சுப் படை, அவரை எதிர்த்த வெலிங்டனின் பிரித்தானிய நேசப்படை, புளூஹரின் பிரஷ்யப் படை), சார்லெருவாவிலிருந்து பிரசெல்ஸ் வரை ஏறத்தாழ 55 கிலோமீற்றர் நீளமான நிலம், அத்துடன் ஒவ்வொரு தளபதிக்கும் உண்மையான தெரிவுகள்.

ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் உள்ள பண்டாரவன்னியன் நினைவுக்கல்லை அறிந்தவர்கள், அதில் பொறிக்கப்பட்ட 1803 ஆம் ஆண்டும் நெப்போலியன் காலத்துக்குரியதே என்பதைக் கவனித்திருப்பார்கள். பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையிலான அமியென் சமாதானம் முறிந்ததும் அதே ஆண்டு மே மாதத்தில்தான். பண்டாரவன்னியனின் அந்தப் போரை ஆட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் படைகளின் தொகையும் பாதைகளும் ஐரோப்பியப் போர்களுக்குக் கிடைப்பதுபோல் நுணுக்கமாகக் கிடைப்பதில்லை என்பதால், பழகிய கைகள் மட்டுமே அதை எடுக்கலாம். எங்கள் வாழ்நாளில் இந்த மண்ணில் நடந்த போரை நாங்கள் ஆடுவதில்லை. மேசையைச் சுற்றி இருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தப் போர் இன்னும் இருக்கிறது. இதை முதல்நாளே பேசி, எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியாக வைத்துக்கொண்டோம்.

நடுவரும் தளபதிகளும்

நடுவர் இல்லாமல் இந்த ஆட்டம் இல்லை. 1824 இல் பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் ஆட்ட விதிகளிலேயே இந்த ஏற்பாடு முழுமையாக இருக்கிறது: இரு தரப்பும் தத்தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்கும், இரு தரப்பினதும் உண்மையான நிலை நடுவருக்கு மட்டுமே தெரியும், தளபதி எதைக் காண முடியுமோ அதை மட்டும் நடுவர் அவருக்குக் காட்டுவார். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் படைக்குப் பரிந்துரைத்த ஜெனரல் முஃப்லிங், 1815 இல் வெலிங்டனின் தலைமையகத்தில் பிரஷ்யத் தொடர்பதிகாரியாக இருந்தவர். செய்திகள் பிந்தும்போது என்ன நேரும் என்பதை அவர் நேரே கண்டிருந்தார்.

ஆகவே உங்களுள் மிகப் பொறுமையானவரை, கொப்பியை ஒழுங்காக எழுதுபவரை நடுவராக்குங்கள். விதிகளில் வல்லவரைவிட நம்பத்தக்கவர் மேல். மற்ற ஐவரில் ஒருவர் நெப்போலியன், ஒருவர் நே, ஒருவர் நெப்போலியனின் இன்னொரு மார்ஷலான குரூஷி, ஒருவர் வெலிங்டன், ஒருவர் புளூஹர். நால்வர் மட்டும் இருந்தால் நடுவர், நெப்போலியன், வெலிங்டன், புளூஹர் என்று ஆடலாம். அப்போது நேயின் பங்கை நடுவரே கட்டளையின் சொற்களுக்கு ஏற்ப நடத்துவார்.

வரைபடம்

18 ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் ஆஸ்திரிய நெதர்லாந்து (இன்றைய பெல்ஜியத்தின் பெரும்பகுதி) முழுவதையும் அளந்து ஃபெராரிஸ் குழுவினர் வரைந்த வரைபடம் இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. அதை அப்படியே அச்சிட்டு அதன்மேல் ஆட முயலாதீர்கள். கண்ணுக்கு இனிய அந்த நுணுக்கம் ஆட்டத்தில் தடையாகும். அதைப் பார்த்து, பெரிய வெள்ளைத் தாளில் ஊர்களைப் புள்ளிகளாகவும் பாதைகளைக் கோடுகளாகவும் நீங்களே வரையுங்கள். ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் கொண்ட துண்டுகளாகப் பிரிய வேண்டும். சார்லெருவாவிலிருந்து காத்ர் பிராவுக்கு நான்கு துண்டுகள், காத்ர் பிராவிலிருந்து சொம்ப்ரெஃப் வரை இரண்டு, சொம்ப்ரெஃபிலிருந்து வாவ்ருக்கு ஐந்து, வாவ்ரிலிருந்து பிளான்செனுவாவுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். கல் பாவிய பெருஞ்சாலையை இரட்டைக் கோடாகவும் வயல்வழிப் பாதையை ஒற்றைக் கோடாகவும் வரையுங்கள். சாம்பர் ஆற்றுப் பாலங்களையும் டீல் ஆற்றுப் பாலங்களையும் தவறாமல் குறியுங்கள், ஏனெனில் சண்டைகளை உண்டாக்குவது பெரும்பாலும் பாலங்களே.

வரைபடத்தை ஒளிப்பிரதி எடுத்து ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுங்கள். எல்லாப் படைகளும் குறிக்கப்பட்ட பிரதி நடுவரிடம் மட்டும், வீட்டில் பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

தூரத்தின் உணர்வு வரைபடத்தால் வருவதில்லை. கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். சுமையோடு, புழுதியில், பீரங்கி வண்டிகளுக்குப் பின்னால் நடக்கும் ஒரு கோருக்கு அது ஒரு முழுநாள் நடை. லிஞிக்கும் காத்ர் பிராவுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ கிளிநொச்சிக்கும் முறிகண்டிக்கும் இடையிலான தூரம். எங்கள் நேயாக ஆடியவர், முறிகண்டியில் வெடிச்சத்தம் கேட்டால் நகரத்தில் இருப்பவருக்கு அங்கே வெல்வது யாரென்று எப்படித் தெரியும் என்று கேட்ட பிறகுதான், எங்கள் எல்லோருக்கும் அந்த வரைபடம் நிலமாக மாறியது.

நேரமும் நடையும்

ஒரு நாளை நான்கு மணிநேரச் சுற்றுகள் ஆறாகப் பிரியுங்கள். பெல்ஜியத்தில் யூன் மாதத்தில் பகல் மிக நீண்டது. அதிகாலை 4 மணி முதல் இரவு 8 மணி வரை நான்கு பகற்சுற்றுகளும், பின்னர் இரண்டு இரவுச்சுற்றுகளும் கிடைக்கும். ஒரு சுற்றில் காலாட்படை பெருஞ்சாலையில் இரண்டு துண்டுகளும் வயற்பாதையில் ஒரு துண்டும் நகரும். குதிரைப்படைக்கு அதைவிட ஒரு துண்டு கூட. ஒரு நாளில் இரண்டு சுற்றுகள் நடந்தால் களைப்பில்லை. மூன்றாவது சுற்றும் நடத்தினால் பத்தில் ஒரு பங்கினர் பின்தங்குவார்கள். நான்காவது சுற்றையும் இரவு நடையையும் நான் அனுமதிப்பதுண்டு, ஆனால் அவ்வாறு வந்த படை மறுநாள் மேசையில் ஒரு படி தாழ்ந்த மனவலிமையோடு தொடங்கும்.

இவற்றைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரு சுற்றில் ஒரு பாதைத் துண்டின் வழியே ஒரே ஒரு கோர் மட்டும் செல்லலாம். அடுத்தது அடுத்த சுற்றில்தான். புதிதாக ஆடுபவர்கள் தங்கள் முழுப்படையையும் ஒரே சாலையில் அனுப்பிவிட்டு, தலை சண்டையிடும்போது வால் இன்னும் பாலத்தைக் கடக்கவில்லை என்று அறிந்து திகைப்பார்கள். நெப்போலியன் காலத்துப் படைகள் ஏன் கோர் எனப்படும், காலாள், குதிரை, பீரங்கி மூன்றையும் தன்னகத்தே கொண்டு தனித்துப் போரிடவல்ல தொகுதிகளாகப் பிரிந்து, பல பாதைகளில் நடந்து, சண்டைக்கு ஒன்றுகூடின என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

மழைக்கு நடுவர் ஒவ்வொரு நாளும் பகடை உருட்டலாம். அல்லது வரலாற்றின்படி 17 ஆம் திகதி பிற்பகலில் பெருமழையைக் கொண்டுவரலாம். மழைக்குப் பின் பெருஞ்சாலையும் ஒரு துண்டாகக் குறையும், வயற்பாதையில் பீரங்கிகள் தம் கோருக்கு ஒரு சுற்றுப் பின்தங்கும். மாரியில் வயற்கரையில் உழவு இயந்திரம் புதைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதில்லை.

விதிகளை வகுத்ததும் வரலாற்றோடு ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்கள். யூன் 18 அதிகாலை வாவ்ருக்குக் கிழக்கேயிருந்து புறப்பட்ட பிரஷ்யத் தளபதி பூலோவின் கோர், மாலை 4.30 அளவில்தான் வாட்டர்லூக் களத்தின் ஓரத்தில் உள்ள பிளான்செனுவாப் பக்கம் தாக்கத் தொடங்கியது. மூன்று வயற்பாதைத் துண்டுகளுக்கு மூன்று சுற்றுகள், அதாவது பன்னிரண்டு மணிநேரம், என்று நமது விதி தரும் விடை அதற்கு நெருங்கி வருகிறது. நெருங்காவிட்டால் துண்டின் நீளத்தைத் திருத்துங்கள், விதிகளைப் பெருக்காதீர்கள்.

கட்டளைகள்

ஒவ்வொரு தளபதியும் ஒவ்வொரு சுற்றுக்கும் தம் கட்டளைகளை எழுதி நடுவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். கைத்தொலைபேசியில் அனுப்பலாம், ஆனால் எல்லோரும் இருக்கும் குழுவில் அல்ல; நடுவருக்குத் தனியாக. ஒவ்வொரு கட்டளையிலும் யாருக்கு, எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்பன இருக்க வேண்டும். நாற்பது சொற்களுக்கு மேல் எழுத இடம் கொடுக்காதீர்கள். நீளமான கட்டளையில் எல்லாச் சந்தர்ப்பங்களுக்கும் விடை எழுதிவிடலாம். குறுகிய கட்டளையில் எது முக்கியம் என்று தளபதி தெரிவுசெய்தே ஆக வேண்டும்.

கட்டளையைச் சுமந்து செல்லும் குதிரைவீரன் ஒரு சுற்றில் ஆறு துண்டுகள் போவான். அவன் புறப்பட்டதும் நடுவர் ஒரு பகடையை மறைவாக உருட்டுவார். ஒன்று விழுந்தால் கட்டளை ஒரு சுற்றுப் பிந்தும். வழியில் எதிரிக் குதிரைப்படை இருந்து ஒன்றோ இரண்டோ விழுந்தால் அது போய்ச் சேராது, சில வேளைகளில் எதிரியின் கையில் கிடைக்கும். அனுப்பியவருக்கு இவற்றில் எதுவும் தெரியக்கூடாது. முக்கியமான கட்டளையை இரண்டு பேரிடம் இரண்டு வழிகளில் கொடுத்தனுப்பும் தளபதியைத் தடுக்காதீர்கள். நெப்போலியனின் நீண்டகாலப் படைத்தலைமை அதிகாரியான பெர்த்தியே 1815 யூன் முதலாம் திகதியே இறந்துபோக, அந்தப் பணி சூல்ட்டின் கைக்கு வந்தது. கட்டளைகளின் தெளிவும் வேகமும் முன்போல் இருக்கவில்லை என்பது அந்த நான்கு நாள்களைப் பற்றி எழுதியோர் பலரின் முடிவு. பிரெஞ்சுப் பக்கத்துக்கு மட்டும் எழுதும் தாமதமாக அரைச் சுற்றைச் சேர்ப்பதை நான் நியாயமாகவே கருதுகிறேன்.

எங்கள் முதற்போர்த்தொடர் நின்றுபோன கதையையும் இங்கே சொல்ல வேண்டும். வெலிங்டனாகவும் புளூஹராகவும் ஆடிய இருவர் ஒருநாள் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். இருவரும் நல்லவர்கள், பேசக் கூடாது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டிய நடுவர் நான்தான். மறுநாள் இரண்டு படைகளும் ஒரே மூளையால் இயங்குவதுபோல் நகர்ந்தன, பிரெஞ்சுத் தளபதிக்கு அது விளங்கியது, ஆட்டத்தில் அவருக்கிருந்த நம்பிக்கை அத்தோடு போய்விட்டது. அதன் பிறகு நாங்கள் வைத்த விதி: வரைபடத்தில் ஒரே புள்ளியில் இருக்கும் தளபதிகள் மட்டுமே நேரில் பேசலாம். யூன் 16 நண்பகலுக்குப் பின் வெலிங்டன் குதிரையேறி பிரீ ஊருக்கருகே உள்ள காற்றாலைக்குப் போய்ப் புளூஹரைச் சந்தித்தார். உங்கள் வெலிங்டனும் அப்படிப் போகலாம், ஆனால் போய்வரும் நேரத்தில் அவருடைய படை அவரின்றி இருக்கும்.

இந்த விதி வந்தபின் சந்தையில் கண்டால்கூட எவரும் ஆட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. நெப்போலியனாக ஆடிய இளையவர் மட்டும் ஒருநாள் பொறுக்க முடியாமல், “அண்ணை, நேயிட்டை என்ர கடிதம் போய்ச் சேர்ந்திட்டுதோ?” என்று கேட்டார். “அவர் பதில் எழுதினால் தெரியும் தம்பி” என்றேன். அன்றிரவு அவர் தூங்கவில்லை என்று பின்னர் சொன்னபோது, ஆட்டம் சரியாக நடக்கிறது என்று அறிந்துகொண்டேன்.

காண்பதும் அறிவிப்பதும்

குதிரைப்படை நிற்கும் புள்ளியிலிருந்து இரண்டு துண்டுகள் வரை பார்க்கும். காலாட்படை ஒரு துண்டு வரை. எதிரிக் குதிரைப்படை திரையாக நின்றால் அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. நான்கு துண்டுகளுக்குள் பெரிய சண்டை நடந்தால் பீரங்கிச் சத்தம் கேட்கும் என்று அறிவியுங்கள், திசையை மட்டும் சொல்லுங்கள். யூன் 18 அன்று வாலெயினில் அந்தச் சத்தத்தைக் கேட்ட, குரூஷியின் கீழிருந்த கோர்த் தளபதி ஜெரார், சத்தம் வரும் திசைக்கே போவோம் என்று வற்புறுத்தினார்; குரூஷியோ தமக்கு இடப்பட்ட கட்டளையின்படி வாவ்ரை நோக்கியே சென்றார். 33,000 பேர் வாட்டர்லூவுக்கு வராமற்போன அந்த நேரத்தை உங்கள் குரூஷியும் தம் வீட்டில் தனியே இருந்து முடிவுசெய்ய வேண்டும்.

நடுவர் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அறிக்கை கொண்டுவருபவர் தவறாகக் கண்டிருக்கலாம். ஆகவே எண்ணிக்கையை எப்போதும் ஒருவரின் வாயில் வையுங்கள்: “ஹுசார் (இலகு குதிரைப்படை) அதிகாரி ஒருவர் பத்தாயிரம் இருக்கும் என்கிறார், ஊர்க் குடியானவர் அதைவிட அதிகம் என்கிறார்.”

மேசைக்கு வருதல்

இரு தரப்பும் ஒரே புள்ளியில் சந்தித்து இருவரும் நிற்கத் துணிந்தால் சண்டை. ஒரு பக்கம் மும்மடங்கு பெரிதாக இருந்தால் மேசை தேவையில்லை. நடுவர் ஒரு பகடையில் முடித்துவிடலாம். பின்வாங்க விரும்புபவர் ஒரு பிரிவைப் பின்காவலாக விட்டுச்செல்லட்டும்.

உருவங்கள் ஒட்டிய ஒரு தட்டு 1,000 காலாள் அல்லது 500 குதிரை அல்லது ஒரு பீரங்கித் தொகுதி என்று கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் டெர்லோனின் கோரில் ஏறத்தாழ இருபது தட்டுகள் இருக்கும். எல்லாப் படைகளுக்கும் உருவம் சேர்க்க வேண்டியதில்லை, ஒரு நேரத்தில் மேசையில் நிற்பவர்களுக்கு மட்டும் இருந்தால் போதும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் 6 மில்லிமீற்றர் உலோக உருவங்கள் சிக்கனமானவை. அதுவும் முடியாவிட்டால் நிறத்தாளில் அச்சிட்டு மட்டையில் ஒட்டிய உருவங்களே போதும். எங்கள் பிரஷ்யர்கள் இன்றும் மட்டையாலானவர்கள். பச்சைத் துணிக்கடியில் புத்தகங்களை வைத்தால் மேடு. மரக்காலையில் கேட்டு வாங்கிய மரத்தூளுக்குச் சாயமிட்டால் வயல். பன்னாடையைக் கீறினால் வேலி.

மேசை விதிகள் எவையாயினும் சரி, நீங்கள் பழகியவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மட்டும் கட்டாயம். முதலாவது, சண்டை இரவு 8 மணிக்கு முடிந்தே தீரும், ஆதலால் காலையில் பிந்தித் தொடங்குபவர் அதற்கு விலை கொடுப்பார். இரண்டாவது, வரைபடத்தில் அருகே இருக்கும் கோர் எப்போது, எந்த ஓரத்தால் மேசைக்குள் வரும் என்பதை நடுவர் மட்டும் அறிந்திருப்பார்; அது நுழையும்போது உருவங்களுக்குப் பதிலாக வெறும் மட்டைத் துண்டுகளை வையுங்கள். அது யாருடையது என்று ஆளனுப்பி அறிந்துகொள்ளட்டும்.

சண்டைக்குப் பின்

மேசையிலிருந்து எடுக்கப்பட்ட தட்டுகள் எல்லாம் இறந்தவர்கள் அல்லர். மூன்றில் ஒரு பங்கு மீளாது. மூன்றில் ஒரு பங்கு களத்தைத் தக்கவைத்தவருக்கு மறுநாட்காலை திரும்பும். எஞ்சியது இரண்டு நாள்களில் வந்துசேரும். தோற்றவர் எந்தப் பாதையால் பின்வாங்குகிறார் என்று உடனே எழுதித் தர வேண்டும். லிஞியில் தோற்ற பிரஷ்யர்கள் தமது தளமான கிழக்கை நோக்கிப் போகாமல் வடக்கே வாவ்ருக்குப் போனதால்தான் 18 ஆம் திகதி வெலிங்டனுக்கு உதவி வந்தது. வென்றவருக்கு அந்தப் பாதையைச் சொல்லாதீர்கள். குதிரைப்படையை அனுப்பித் தேடட்டும்.

வெடிமருந்துக்கு ஒரு கணக்குப் போதும்: ஒவ்வொரு கோரும் இரண்டு பெருஞ்சண்டைகளுக்கு உரியதைக் கொண்டு வருகிறது. நான்கு நாள் ஆட்டத்தில் உணவுக்கணக்கு வேண்டியதில்லை.

நாட்காட்டி

ஆட்டத்தில் ஒரு நாள், நமக்கு ஒரு வாரம். கட்டளைகள் இரவு 8 மணிக்குள் நடுவரிடம் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் படை கடைசிக் கட்டளையையே தொடரும். மேசைச் சண்டைகளை ஞாயிறிலோ போயா விடுமுறையிலோ வையுங்கள். எங்களுள் மூவர் வயல் செய்பவர்கள் என்பதால் பெரும்போக விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் எதையும் தொடங்குவதில்லை. அறுவடை முடிந்ததும் தொடங்கி, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வருமுன் முடித்துவிடுகிறோம்.

முடிந்த அன்று எல்லோரும் ஒரு வீட்டில் கூடி, நடுவரின் பூட்டிய வரைபடத்தை மேசையில் விரியுங்கள். முதற்சுற்றிலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் எழுதிய நேரத்தோடும் போய்ச் சேர்ந்த நேரத்தோடும் நடுவர் வாசிக்க, ஒருவர் வரைபடத்தில் காய்களை நகர்த்தட்டும். எங்கள் நெப்போலியனின் அந்தக் கடிதம் காத்ர் பிராவுக்கு இரண்டு துண்டுகள் இருக்கையில் பிரன்சுவிக் குதிரைவீரரிடம் பிடிபட்டு, அன்று மாலையே வெலிங்டனின் கையில் இருந்தது. அதை வாசித்தபோது மூன்று வாரம் வாய் மூடியிருந்த வெலிங்டன் எழுந்துபோய், தம் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துவந்து உரியவரிடம் கொடுத்தார்.